கண்ணாடிச் சுவரில் ஒட்டிய டேப்

கொழும்பில் யுத்த காலம். மலையில் ஓய்வெடுக்கச் சின்னதாக ஒரு கண்ணாடி வீடு கேட்டிருந்தார் கொட்டாஞ்சேனை ஹாஜியார். நான் தனியாக வடிவமைத்த முதல் வீடு அது. அட்டையிலும் கண்ணாடித் தாளிலும் மாதிரி செய்து, பெருமையோடு அவர் மேசையில் வைத்தேன்.

"சுவரெல்லாம் ஏன் புள்ள பெருக்கல் போட்டிருக்கீங்க?"

குனிந்து பார்த்தேன். கண்ணாடிச் சுவர் ஒவ்வொன்றிலும் டேப்பைக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டியிருந்தேன். குண்டு வெடித்தால் கண்ணாடி சிதறாமலிருக்க, கடலோர வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு யன்னல்களுக்கு அப்படித்தான் ஒட்டுவோம். கை பழகிவிட்டது.

அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் உரித்தேன். மாதிரி வீட்டுக்குள் வெளிச்சம் நிறைந்தது.

"இப்பிடியே கட்டுவோம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் யன்னல் டேப்பையும் உரித்தேன்.

"உனக்கென்ன விசரே?" அம்மா கத்தினார்.

கத்தட்டும். அன்றுதான் எனக்குக் கடல் முழுசாகத் தெரிந்தது.