பிரவுணியின் சரிந்த காது

வெள்ளவத்தையில் தொடர்மாடியில் வீடு எங்களுக்கு. பிரவுணியைக் குட்டியிலிருந்து வளர்த்தது நான். சோறு வைப்பதும் சனிக்கிழமைகளில் முழுக வார்ப்பதும் நான். ஆனால் அந்த நாய் தலையை வைப்பது முன்வீட்டு ரெஜினா அக்காவின் மடியில்! இடது காதை ஒருபக்கம் சரித்து, அவவின் முழங்காலில் தேய்த்துக்கொண்டே நிற்பான். நான் கிட்டப் போனால் இரண்டு காதையும் பின்னுக்கு மடித்துக்கொண்டு விலகுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அக்கா, "தங்கச்சி, இவன்ட காது ஒரு மாதிரி மணக்குது. டொக்டரிட்ட ஒருக்கா காட்டுங்கோவன்" என்றா.

"என்ட நாயை எனக்குத் தெரியும்" என்று கதவைச் சாத்தினேன்.

அடுத்த கிழமை காதில் என் விரல் பட்டதும் கத்திக்கொண்டு கையைக் கவ்விவிட்டான். பயந்துபோய் நுகேகொடையில் ஒரு மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். காதுக்குள் ஒரே சிவப்பு, கறுப்பு ஊத்தை.

"முழுக வார்க்கேக்க தண்ணி போயிருக்கு. அரிப்பும் நோவும் தாங்காமத்தான் காதைச் சரிச்சுத் தேய்ச்சிருக்கிறான். நீங்க தொட்டா நோகுமெண்டு பயந்துதான் பின்னுக்கு மடிச்சிருக்கிறான்" என்றார்.

இவ்வளவு நாளும் நான் பொறாமைப்பட்டது அவனுடைய நோவைப் பார்த்து!

இப்போது முழுக வார்த்ததும் காதைத் துடைத்து, முகர்ந்தும் பார்க்கிறேன். மருந்து விடும்போது தலையைப் பிடிக்க ரெஜினா அக்காவை நானே போய்க் கூப்பிட்டேன். காது சுகம். இரண்டும் நிமிர்ந்து நிற்கின்றன.

படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் இன்னும் கொஞ்சம் கூட நிமிர்கின்றன. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.