திண்டிவனம் தாண்டாத கட்டுச்சோறு

எங்கள் மெஸ்ஸில் பார்சல் மடிக்கப் பழைய பேப்பரை எடைக்கு வாங்குவார்கள். எனக்கு ஊர்ச் செய்தி அதில்தான் கிடைத்தது. திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் இருந்த மெஸ் அது. நான் அங்கே சமையல் பார்க்கும் சரக்கு மாஸ்டருக்குக் கையாள். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு மெட்ராஸ் வந்தவன். படிக்க நன்றாகவே வரும், ஆனால் காசு கொடுத்துப் பேப்பர் வாங்கும் பழக்கம் இல்லை. வாங்கியும் பிரயோஜனமில்லை. மெட்ராஸ் பதிப்பில் மெட்ராஸ்தான் இருக்கும். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவில்லை, எந்தச் சபாவில் யார் பாட்டு, எந்தக் கோயிலில் என்ன பிரசாதம், எங்கே புது ஓட்டல். கள்ளக்குறிச்சியும் தியாகதுருகமும் வேறு பதிப்பில் வரும். அந்தப் பதிப்பு எங்கள் சந்துக்கு வந்து சேரும்போது அதில் யாராவது ஒரு தடவை எதையாவது மடித்திருப்பார்கள்.

பார்சல் கட்டுபவர் மணலூர்பேட்டைக்காரர். எனக்கு அண்ணன் முறை மாதிரி. பழைய பேப்பர்க் கட்டுக்குள் எங்கள் பக்கத்துத் தாள் ஏதாவது வந்தால் அதை மட்டும் உருவிச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொள்வார். மத்தியானப் பந்தி ஓய்ந்ததும் பாத்திரம் கழுவும் இடத்தில் குந்திக்கொண்டு வாசிப்பார். பெண்ணையாற்றில் தண்ணீர் வந்தது, கரும்பு வண்டி கவிழ்ந்தது, ஏதோ ஊரில் தேர் ஓடியது, எல்லாம் பழசு. தேதி பார்க்க மாட்டோம். எங்கள் ஊர்ச் செய்தி எப்போதுமே பழசாகத்தான் வரும், அதனால் ஒன்றும் கெட்டுப்போனதில்லை.

அந்த வருஷம் என் தங்கச்சி முழுகாமல் இருந்தாள். தலைப்பிள்ளை. தியாகதுருகம் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். கரும்பு போடும் குடும்பம். கொல்லைப்புறம் நின்றால் கல்வராயன் மலை தெரியும். கள்ளக்குறிச்சியில் காட்டியபோது நர்சம்மா கையையும் கண்ணையும் பார்த்துவிட்டு, ரத்தம் ரொம்ப கம்மி, கால் வீக்கம் ஜாஸ்தி, பெரிய ஆஸ்பத்திரி பக்கமா வெச்சிப் பாருங்க என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் இயல்பிலேயே அப்படித்தான். அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்ப வந்து பார்ப்பவன். அப்பா இல்லை, ஊரில் வீடும் விழுந்துவிட்டது. அம்மா என்னோடு மெட்ராஸில் ஒரே அறையில் இருந்தாள். தங்கச்சியை அங்கே கொண்டுவந்து, எழும்பூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறவைக்க வேண்டும். அது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் சும்மா போய்க் கூட்டி வந்துவிட முடியாது. எங்கள் பக்கம் தாய்வீட்டார் கட்டுச்சோறு கொண்டுபோய் வைத்துத்தான் பெண்ணை அழைக்க வேண்டும். புளிசோறு, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தயிர் என்று வகை வகையாக. அவள் வாயில் வைப்பதற்கு முன் வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. அதுவும் ஏழாம் மாதம், விட்டால் ஒன்பதாம் மாதம். எட்டில் வாசல் தாண்டக் கூடாது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவுத் தீட்டு இருந்ததால் நாளைத் தள்ளிக்கொண்டே போய், ஏழாம் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வாரம் முழுக்கச் சாலை மறியல் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். எங்கள் சனத்துக்கு இட ஒதுக்கீடு கேட்டு.

குறித்த நாளை முன்னால் இழுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் கார்டு போட்டேன். பதில் இல்லை. மறியலில் மாப்பிள்ளையும் இருப்பார் என்று எனக்குத் தெரியும். கடைசியாகப் போனபோது கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"நாமதான் வெயில்ல காஞ்சிக்கினு கெடக்கறோம். பொறக்கற புள்ளையாவது ஃபேனுக்கு அடியில குந்தி வேல செய்யணும் மச்சான். அதுக்கு ரெண்டு மரத்த சாச்சாதான் அவங்க காதுல வுழும்னா, சாய்ப்போம்."

தங்கச்சி வாசலில் இருந்து, "மொதல்ல புள்ள பொறக்கட்டும்" என்றாள்.

மறியல் தொடங்கியது. மெட்ராஸில் காய்கறி வரத்துக் குறைந்தது, அவ்வளவுதான். மாஸ்டர் சாம்பாரில் முருங்கைக்காயைக் குறைத்தார். சாயங்காலப் பேப்பர் ஒன்றில் நகரத்துப் பக்கம் எழுதும் நிருபர் தினமும் எங்களிடம் சாப்பிடுவார். நல்ல மனிதர். அவரைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"சார், கள்ளக்குறிச்சி ரோடு எப்படிங்க இருக்கு?"

"உங்க ஊர் நான் எழுதற பக்கத்துல வராதேப்பா. ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன். ஆமா, புளியோதரைக்கு நீங்க வெல்லம் போடுவீங்களா?"

"ஒரு துண்டு போடுவோம் சார்."

"அதான் கேட்டேன். மெட்ராஸ் புளியோதரை பத்தி எழுதறேன். எந்தக் கோயில்ல எப்படின்னு. ஒரு துண்டுன்னா எவ்வளவு?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். மறுநாளும் ரோட்டைப் பற்றிக் கேட்டேன், மறந்துட்டேன்ப்பா என்றார். புளியோதரை மட்டும் பேப்பரில் வந்துவிட்டது. முதலாளி அதை வெட்டிக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார்.

வியாழக்கிழமை பந்தி ஓய்ந்ததும் பார்சல் அண்ணன் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"டேய், வாடா இங்க. ரோடு தொறந்துட்டாங்களாம்."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார். மறியல் முடிந்தது, விழுப்புரம், கள்ளக்குறிச்சி வழியில் பஸ்கள் எப்போதும்போல் ஓடுகின்றன என்று போட்டிருந்தது. மேல் ஓரம் கிழிந்திருந்தது.

"இது எப்பத்த பேப்பர்ணா?"

"இப்பத்ததுதான்டா. மறியல்னு போட்டுக்கீதில்ல. போன வாரம் ஏது மறியல்? நீ சோத்த வடி போ. எப்பப் பாத்தாலும் பயந்துக்கினு."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவரும் வாசித்தார். எனக்கு வேண்டியது அதில் இருந்தது.

விடியுமுன் அம்மாவும் நானும் சமைத்தோம். மாஸ்டர் மெஸ் அடுப்பையே கொடுத்தார். தூக்குவாளிகளில் அடைத்து, வெள்ளைத் துணியால் கட்டிப் பாரிமுனைக்கு வந்தோம். கண்டக்டரிடம் கேட்டேன்.

"போற வரைக்கும் போகும்."

"கள்ளக்குறிச்சி போகுமா?"

"அதான் சொன்னேனே, போற வரைக்கும் போகும். ஏறினா ஏறு."

செங்கல்பட்டு தாண்டும்போதே கூட்டம் குறைவாக இருப்பது உறுத்தியது. திண்டிவனத்துக்கு முன்னால் பஸ் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம், காயும் இலையுமாக. அதற்கு அப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால் வளைவு வரைக்கும் பச்சையாகவே தெரிந்தது. போலீஸ் வண்டி துணைக்கு வந்தால்தான் திரும்பிப் போக முடியும் என்று டிரைவர் சீட்டிலேயே காலை நீட்டிக்கொண்டார்.

மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்களில் தலையில் துண்டு கட்டிய ஒருவன் ஜன்னலோரம் வந்தான்.

"இன்னாக்கா, மடியில வெச்சிக் கட்டிப் புடிச்சிக்கினு கீற?"

"பொண்ணுக்குக் கட்டுச்சோறுப்பா. இன்னியோட நாள் போவுது" என்றாள் அம்மா.

"எந்த ஊரு?"

"தியாகதுருகம் தாண்டி."

அவன் மரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

"இங்கேருந்து அங்க வரைக்கும் எத்தினி மரம் கெடக்குதுன்னு எனக்கே தெரியாதுக்கா. உனுக்காவ இத நான் நவுத்திடுவேன். அடுத்தத யாரு நவுத்துவான்?"

"ஒனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லக்கா."

"ஆவட்டும். அப்ப தெரியும்."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கிருந்தோ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து பஸ்ஸுக்குள் வைத்துவிட்டுப் போனான். நடந்து போகலாமா என்று கேட்டதற்கு, அந்தப் பக்கம் போலீஸ்காரங்க சுடறாங்க, போவாதீங்க என்றான்.

வெயில் ஏற ஏற எனக்குத் தூக்கின்மேல்தான் கண். தேங்காய்ச் சோறுதான் முதலில் போகும். அடுத்தது தயிர்ச்சோறு புளிக்கும். எலுமிச்சை சாயங்காலம் வரை நிற்கும். முன் சீட்டில் இரண்டு பிள்ளைகள் பசிக்கு அழுதன. அவற்றின் அம்மா எங்கள் பக்கம் திரும்பாமலே அடித்தாள். திரும்பினால் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும். மூன்றாவது தடவை அடித்தபோது அம்மா துணி முடிச்சை அவிழ்த்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டேன். தேங்காய், எள்ளு, தயிர், எலுமிச்சை எல்லாம் போயிற்று. பஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்டார்கள், மரத்தின்மேல் இருந்தவர்களும். புளிசோற்றுத் தூக்கை மட்டும் அம்மா தொடவிடவில்லை.

"இது கெடாது. இத அவதான் துன்னணும்."

இருட்டும் நேரத்தில் போலீஸ் வண்டியோடு எங்களை மெட்ராஸுக்கே திருப்பி அனுப்பினார்கள். அம்மா தினமும் காலையில் அந்தத் தூக்கைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள், மூடுவாள். ஒரு காலையில் எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

பார்சல் அண்ணன் அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். இந்தத் தடவை பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். முழுப் பக்கமும் பொங்கல் துணி விளம்பரம். நாங்கள் புரட்டாசியில் நின்றுகொண்டிருந்தோம். முன்பு எப்போதோ நடந்த ஒரு நாள் மறியலின் செய்தி அது. ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும், ஆனால் எங்களில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அதற்கப்புறம் அவர் தாள் எதையும் உருவி வைக்கவில்லை.

ரோடு திறந்ததும் புதிதாகப் புளிசோறு மட்டும் கிண்டிக்கொண்டு ஓடினோம். இரண்டு பக்கமும் அறுத்துத் தள்ளிய மரங்கள். தங்கச்சி வீட்டில் மாப்பிள்ளை இல்லை. போலீஸ் பிடிக்கிறது என்று ஊர் ஆம்பிளைகளில் பாதிப்பேர் கரும்புக்குள்ளும் மலைமேலும் போயிருந்தார்கள். அவள் மாமியார் வாசலிலேயே நின்றாள்.

"எட்டு பொறந்திடுச்சே சம்மந்தி. நீங்க வராம நாங்க இன்னா பண்றது?"

"எங்கள எங்க வர வுட்டாங்க?" என்றேன்.

"யாரு வுடல? எம் புள்ளையும்தான் மரம் வெட்டினான். இப்ப மல மேல சோறில்லாம கீறானோ, ஜெயில்ல கீறானோ. அவன் இல்லாத நேரத்துல, எட்டுல, இவள அனுப்பிட்டு ஏதாவது ஆச்சின்னா நான் யாருக்குப் பதில் சொல்றது? ஒம்போதுல வாங்க. நான் வேணான்னா சொல்றேன்?"

நர்சம்மா சொன்னதை எடுத்துச் சொன்னேன். ஆஸ்பத்திரி, ரத்தம், வீக்கம் எல்லாம் சொன்னேன். நான் அம்மாவைப் பார்த்தேன், அவள் எனக்குத் துணையாக ஒரு வார்த்தை பேசுவாள் என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மெட்ராஸில் எத்தனை வருஷம் இருந்தால் என்ன, அவளுக்கும் எட்டு எட்டுதான். மாமியார் கெட்டவளும் இல்லை. அன்று எங்களுக்கு விருந்தாளிக்கென்று நெல்லுச்சோறு வடித்துப் போட்டாள்.

தங்கச்சி மாட்டுக்கொட்டகை ஓரம் நின்றபடியே புளிசோற்றைத் தின்றாள். கால் பானை மாதிரி இருந்தது.

"எலுமிச்ச சோறு எடுத்தாரலியாண்ணா?"

"அடுத்த தடவ எடுத்தாரேன்."

"ஒம்போதுலயா?"

"ஒம்போதுல."

அவள் கையை நக்கிவிட்டு, "அது வரைக்கும் தாங்குமான்னு தெரியல" என்றாள். புளிசோற்றைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

ஒன்பது பிறக்கும் முன்பே ஒரு மத்தியானம், பந்தி நிறைந்த நேரத்தில், அவள் ஊர்க்காரர் ஒருவர் கை கழுவும் இடத்தில் வந்து நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கையில் சாம்பார் வாளி. வைக்க இடமில்லாமல் அதைப் பிடித்துக்கொண்டே கேட்டேன்.

"தங்கச்சிக்கு ஒண்ணுமில்ல, பொழச்சிடுச்சி. புள்ளதான் தங்கல. ஆம்பளப் புள்ள."

வலி வந்த அன்று மாமியார் வண்டி கட்டித்தான் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். நேரம் போய்விட்டது. தங்கச்சிக்கு இனிமேல் பிள்ளை நிற்காது என்பதைப் பிற்பாடு சொன்னார்கள்.

சில வருஷம் கழித்து இட ஒதுக்கீடு கிடைத்தது. எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று மெட்ராஸ் பதிப்பில், முதல் பக்கத்தில், அன்றைக்கே வந்தது அப்போதுதான். நிருபர் மடிப்புக் கலையாத பேப்பரை என்னிடம் கொடுத்து, உங்க ஊர் வந்திடுச்சுப்பா என்றார். பார்சல் அண்ணன் அதை வாங்கி, வாசிப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

அந்த வாரம் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு தூக்கில் எலுமிச்சைச் சோறு கொடுத்துவிட்டிருந்தாள். மாப்பிள்ளை திரும்பி வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. கேஸ் மட்டும் முடியவில்லை, வாய்தாவுக்கு வாய்தா அலைந்துகொண்டிருந்தார். பேப்பரைக் கொடுத்தேன். மெதுவாக முழுக்கப் படித்தார். படித்துவிட்டுக் கொல்லைப்புறம் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா போட்டுக்கீது?" என்று தங்கச்சி கேட்டாள்.

"படிக்கறதுக்கு, வேலைக்கு, எல்லாத்துலயும் எடம் ஒதுக்கிட்டாங்க" என்றேன்.

"நம்ம வூட்ல யாருண்ணா படிக்கப் போறா?"

"ஊர்ல புள்ளைங்க கீதில்ல" என்றார் மாப்பிள்ளை, திரும்பாமல்.

"கீது."

அவள் எழுந்து போய்த் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எலுமிச்சைச் சோற்றை முழுக்க அவர்களுக்கு வைத்தாள். தான் ஒரு வாயும் எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் துன்னேன் என்றேன். வேணாண்ணா, இப்ப அது மேல ஆசையில்ல என்றாள்.

கிளம்பும்போது தூக்கைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். எங்கள் பக்கம் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். உள்ளே போய்த் தேடினாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்துவந்து போட்டு மூடினாள். மெட்ராஸ் வந்து சேரும் வரை பஸ் குலுங்கும்போதெல்லாம் அது தூக்குக்குள் உருண்டுகொண்டே வந்தது.