கட்டைவிரல் வைத்த புகார்

கல்கத்தாவில், பெஹாலாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் கட்டடத்துக்குக் குழி தோண்டி, பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். மழை பெய்ததும் குழி குளமாகிவிட்டது. தாமரை ஒன்றுதான் பாக்கி. கொசுவுக்குக் குறைவில்லை. என் மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம். சந்தில் இரண்டு வீட்டில் டெங்கு. காய்ச்சல் மட்டும் வந்துவிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முன்பெல்லாம் வார்டு ஆபீசில் போய் நின்று பேசிக்கொண்டே இருப்பேன். என் பேச்சைத் தாங்க முடியாமலே மருந்தடிக்க ஆள் அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை குமாஸ்தா உட்காரக்கூடச் சொல்லவில்லை. இனிமேல் எல்லாம் வாட்ஸ்அப்தான், படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று என் போனில் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். என் வாயைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அனுப்பியது போல இருந்தது.

முதல் படத்தில் என் விரல் விழுந்தது, இரண்டாவதில் குழி. அனுப்பினேன். மூன்றாம் நாள் பெங்காலியில் நாலு வரி வந்தது. ஐம்பது வருஷமாக மீன்காரியோடு பெங்காலியில் சண்டை போடுகிறவள்தான், ஆனால் எழுத்து தெரியாது. வரிகளுக்குக் கடைசியில் ஒரு கட்டைவிரல் படம். ரேஷன் கடை மாதிரி கைநாட்டு கேட்கிறார்களாக்கும் என்று நானும் ஒரு கட்டைவிரலை அழுத்தி அனுப்பினேன்.

மருமகளிடம் காட்டியிருக்கலாம். இங்கேயே பிறந்தவள், பெங்காலி தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேலி பண்ணியவள் நான். அவள் முன்னால் போனை நீட்டிக்கொண்டு எப்படி நிற்பது? நாளைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்று ஒரு வாரம் அவளிடம் சொன்னேன்.

எட்டாம் நாள் மறுபடி ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, சித்தி முறை வைத்துக் கூப்பிட்டார்.

"மாஷிமா, உங்க புகார் முடிஞ்சு போச்சே."

"யாரு முடிச்சது? குழி அங்கேயேதான கெடக்கு."

"நீங்கதான். வேலை முடிஞ்சிருந்தா கட்டைவிரல் போடுங்கன்னு கேட்டிருந்தோம். போட்டிருக்கீங்க."

வார்டின் ஃபேஸ்புக் பக்கத்தையும் திருப்பிக் காட்டினார். என் குழிதான். பிரச்சினை தீர்ந்தது என்று மேலே எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னார். கீழே வரிசையாகச் சிவப்பு இதயங்கள். கொசுக்களும் போட்டிருக்கும் என்று வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. புதுசாகப் படம் அனுப்புங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்தால் மருமகள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். நெற்றி கொதித்தது. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கேதான் போனை அவள் கையில் கொடுத்தேன். அந்த நாலு வரியையும் படித்தாள்.

"எங்கிட்ட காட்டியிருக்கலாம்ல, அத்தை."

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

"நான் என்னிக்கு உங்களப் பார்த்துச் சிரிச்சேன்?"

சிரித்ததே இல்லை. அது எனக்கும் தெரியும்.

ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்க, இன்னொரு கையால் புதுப் புகார் எழுதினாள். எழுதியதை எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினாள். பிள்ளை அசைகிறதா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவளே என் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் அசைந்தது.