எதிர் வீட்டுக் கிரகப்பிரவேசம்

மந்தைவெளி ஒண்டுக்குடித்தனத்தை விட்டுத் தரமணியில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக்கு முதலில் குடிவந்தவர்கள் நாங்கள்தான். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா காலையில் ஆபீஸ் பஸ் ஏறினால் நான் தூங்கிய பிறகுதான் வருவார். மீதிப் பொழுதெல்லாம் அம்மாவும் நானும், எங்கள் மாடியில் பூட்டிக் கிடந்த மூன்று கதவுகளும்தான்.

முகூர்த்த நாள் வந்தால் மட்டும் கட்டடம் அமர்க்களப்படும். ஏதாவது ஒரு வீட்டில் கிரகப்பிரவேசம் இருக்கும். பசுமாடு லிஃப்டில் ஏறாது என்பதால் கார் நிறுத்துமிடத்திலேயே அதற்குப் பூஜை. அதுவும் தன் பங்குக்கு யாருடைய புதுக் கார் பக்கத்திலாவது சாணம் போட்டுவிட்டுப் போகும். பால் காய்ச்சுவார்கள், இலை போடுவார்கள், மாலையில் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பால் காய்ச்சியவர்கள் குடிவரத்தானே வேண்டும்? மூட்டை கட்ட நாளாகிறது போலிருக்கிறது என்று நானே சமாதானம் செய்துகொள்வேன்.

எதிர் வீட்டு விசேஷத்துக்கு என் வயதில் ஒரு பெண் வந்தாள். ஹோமப் புகைக்குப் பயந்து இருவரும் உள்ளறையில் போய் ஒளிந்தோம். “இதான் என் ரூம். நீ டெய்லி வரணும், சரியா?” என்றாள். கட்டில் எங்கே, பொம்மைகள் எங்கே என்று சுவரைத் தொட்டுத் தொட்டு முடிவு செய்தோம். அவளுடைய அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எதிர்ல நீங்க இருக்கும்போது எனக்கு என்னங்க கவலை?” என்று சொல்லி வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த மழைக்காலம் முழுதும் இலவு காத்த கிளியாகப் பால்கனியில் நின்றேன். புதுப் பள்ளிக்கூடத்தில் யாரோடும் சேரவில்லை. எனக்குத்தான் ஆள் வரப்போகிறதே!

ஒரு சனிக்கிழமை வாட்ச்மேன் மேலே வந்து, “எதிர் வூட்டுக்கு சாமான் வந்துகீதும்மா, சாவி குடு,” என்றார். “நீங்க போங்க, நானே எடுத்துட்டு வரேன்,” என்றாள் அம்மா. நான் அவளுக்காகக் காத்திருக்காமல் படிகளில் பறந்தேன்.

குட்டி லாரியிலிருந்து சுருட்டிய மெத்தைகளும் ஒரு கேஸ் அடுப்பும் இறங்கின. கூடவே மூன்று இளைஞர்கள். “அந்தப் பொண்ணு எங்க?” என்று கேட்டேன்.

“எந்தப் பொண்ணு பாப்பா? நாங்க வாடகைக்கு வந்திருக்கோம்.”

வாட்ச்மேன் சிரித்தார். “அவுங்க இன்னாத்துக்கு இங்க வர்றாங்க? இத்த மாதிரி இன்னும் ரெண்டு வூடு கீது அவுங்களுக்கு.”

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா வர வெகு நேரமாயிற்று. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் வந்தாள். பட்டுப்புடவை கட்டி, தலை வாரிப் பூ வைத்திருந்தாள். கையில் வெற்றிலைத் தட்டு, குங்குமச் சிமிழ். அந்த மூன்று பேரையும் பார்த்தாள். சாவியை நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“எழுந்திருடி. ஊர்ல வேற பொண்ணே இல்லையா ஒனக்கு? இதுக்குப் போயா அழுவாங்க?”

எனக்கு இன்னும் பொங்கிக்கொண்டு வந்தது. வராமல் போனது என் சிநேகிதி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவின் பட்டுப்புடவையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.