தராசு பிடிக்காத மனிதருக்கு ஒரு கல்வெட்டு

யாழ்ப்பாணத்து ஆட்களாகிய எங்களில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் சாப்பிட வந்தவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைத் திணித்துத்தான் அனுப்புவோம். கல்வெட்டு என்று பெயர். முன்னால் செத்தவரின் படம், உள்ளே நாலைந்து பாட்டு, எல்லாம் புளுகு. உயிரோடு இருக்கும்போது ஒரு வாய் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்காத பிள்ளைகள் அதில் "எங்கள் குலவிளக்கே" என்று கதறுவார்கள்.

கண்டியில் குடியேறிய எங்கள் சனத்துக்கு அந்தப் புளுகைப் பாதிக்கு மேல் எழுதிக்கொடுத்தவர் என் அப்பா. அரசாங்கக் கந்தோரில் கடிதமும் கணக்கும் எழுதும் இலிகிதராக இருந்தவர், யாப்பு கொஞ்சம் தெரிந்தவர். பிலிமத்தலாவையில் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது. எழுதுவார், எழுதும்போதே திட்டுவார். பெற்ற தாயைக் குசினிக்குப் பின்னால் சாக்கில் படுக்கவைத்த ஒரு பலசரக்குக் கடை முதலாளி இருந்தான். அவனுக்கு எழுதிய பாட்டில் "தராசுமுள் சாயாத தருமத்தின் நாயகனே" என்று ஒரு வரி. எழுதி முடித்ததும் அப்பா எழும்பிப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். மெய்யாகத்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் செத்தால் எனக்கு உந்தக் குப்பை ஒண்டும் வேண்டாம், பிள்ளை," என்றார் என்னிடம். "என்ர பேத்தி ஒரு பக்கம் எழுதட்டும். உள்ளதை எழுதட்டும். அது காணும்."

"சரி அப்பா," என்றேன். அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

என் கணவர் இறந்த பிறகு மகளோடு அப்பாவிடமே வந்துவிட்டேன். விடிய ஆறு மணி பஸ்ஸில் நான் மாவனல்லைக்குப் படிப்பிக்கப் போய்விடுவேன். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தலை இழுத்து, ரெண்டு பின்னல் போட்டு, கண்டிக்குக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவது ஐந்து வருஷம் அப்பாவின் வேலை. அதுவரைக்கும் சீப்பால் தன் வழுக்கையைக்கூடத் தடவிப் பார்க்காத மனுஷன்!

போன வருஷம் அப்பா போனார். கனடாவிலிருந்து அண்ணா வந்து இறங்கினார். அப்பாவை வைத்தியசாலையில் வைத்திருந்தபோது லீவு கிடைக்காத அண்ணாவுக்குக் கல்வெட்டு அடிக்க மட்டும் ஐந்து வாரம் லீவு கிடைத்தது. வந்ததும் வராததுமாக ஒரே எடுப்பு. மினுங்குகிற தாள் வேண்டுமாம். சாறமும் பனியனுமாய்த் திரிந்த அப்பாவின் படத்துக்குக் கோட்டும் டையும் மாட்டினார். இலிகிதரை உயர் அதிகாரி ஆக்கினார். செத்த மனுஷனுக்கு அன்றைக்குத்தான் பதவி உயர்வு கிடைத்தது.

மகள் எழுதிய பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசித்தார்.

"என்ன விசர்க் கதை இது? இனிப்புக்கு ஆசைப்பட்டுக் கித்துள் பாணிப் போத்திலைச் சாமிப் படத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சவராம். காட்ஸ் விளையாட்டில கள்ளச் சீட்டுப் போட்டு அலாப்பினவராம். சனம் என்ன நினைக்கும்?"

"அப்பா கேட்டவர், அண்ணா."

"அப்பா ஆயிரம் கேப்பார். நீ பேசாமல் இரு."

நானும் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதில் எனக்கு நாற்பத்தைந்து வருஷப் பழக்கம். தூ, என்னைச் சொல்லவேண்டும்.

முப்பதாம் நாள் பின்னேரம் புத்தகக் கட்டு வந்தது. பிரித்தேன். முதலாம் பக்கத்திலேயே தராசுமுள்! அச்சகத்தில் பழைய பாட்டு இருந்ததாம், பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டார்களாம். கண்டறியாத கவிதை. பேனையைத் தவிர வேறொன்றும் பிடிக்காத என் அப்பாவின் கையில் தராசைக் கொடுத்துவிட்டார்கள். அதுவும் அந்த முதலாளியின் தராசை.

"அண்ணா, இது அப்பாவே அந்த முதலாளிக்கு எழுதினது. எழுதிப்போட்டு வாய் கொப்பளிச்சவர்."

"அடிச்சாச்சு. ஆருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியும். செத்துக் கிடந்தாலும் அப்பாவுக்குத் தெரியும். அடுத்த நாள் விடிய, சந்தியில் போட்டோக் கொப்பிக் கடை திறக்கும் வரைக்கும் மகளும் நானும் வாசலிலேயே நின்றோம். அவளுடைய பக்கத்தில் இருநூறு கொப்பி எடுத்தோம். கண்டி மண்டபத்தில் சமையல்காரர் வாழையிலை துடைத்துக்கொண்டிருக்க, நாங்கள் ஒவ்வொரு கல்வெட்டுக்குள்ளும் ஒரு தாளைச் செருகினோம். நான் ஒன்று செருகுவதற்குள் மகள் மூன்று செருகினாள்.

சாப்பாட்டுக்கு முன், எல்லோர் கையிலும் கல்வெட்டைக் கொடுத்துவிட்டு, அண்ணா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பாட்டைப் படிக்கத் தொடங்கினார். சரியான இடத்தில் தொண்டை அடைத்தது, சரியான இடத்தில் கைலேஞ்சி வெளியே வந்தது. கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் மூக்கைச் சிந்தினார்கள். அந்த நேரம் பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு பக்கத்துக் கதிரையில் ஒரு சிரிப்பு. பாணிப் போத்தில் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. அண்ணா நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். நான் கதிரையில் நல்லாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்பாவோடு கந்தோரில் வேலை செய்த கிழவர் ஒருவர் அந்தத் தாளோடு எழும்பி எங்களிடம் வந்தார். பென்சன் எடுத்த பிறகும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்ட கையோடு, ரெண்டு பேரும் காலையில் சேர்ந்துதான் கண்டிக் குளத்தைச் சுற்றி நடப்பார்கள். அவர் மகளின் கடைசி வரிகளில் விரலை வைத்தார். அவள் இப்படி எழுதியிருந்தாள்: "அம்மப்பா போடும் பின்னலில் ஒன்று காதுக்கு மேலே நிற்கும், மற்றது தோளில் கிடக்கும். அவர் கேற்றடியில் விட்டுவிட்டுத் திரும்பியதும் அவிழ்த்துவிட்டு, சிநேகிதியைக் கொண்டு பின்னிக்கொள்வேன். ஐந்து வருஷமும் அப்படித்தான். கடைசிவரை அவருக்குத் தெரியாது."

"தெரியும், பிள்ளை," என்றார் கிழவர். "கேற்றுக்கு வெளியால நிண்டு ரெண்டு பேரும் ஒவ்வொரு நாளும் பாக்கிறனாங்கள். பேந்து ஏன் மினக்கெட்டுப் பின்னுறாய் எண்டு அவரைக் கேட்டன். 'அவிழ்த்தால் அவிழ்க்கட்டும், பின்னுற நேரம் மட்டும்தானே பேத்தி எனக்கு முன்னால ஆடாமல் அசையாமல் இருக்குது' எண்டவர்."

செத்தவீட்டில்கூட அழாத என் மகள் தாளால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். மேடையில் அண்ணா சத்தத்தைக் கூட்டி இன்னும் தராசைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் குனிந்து அந்தத் தாளை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.