சனிக்கிழமைச் சம்பளமும் ஜெபராஜின் கிரெடிட் கார்டும்

பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவை நடத்துவது என்றால், செலவழிக்கும்போது யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மேசைக்குப் பின்னால், செலவழித்து முடித்தவர்கள் வந்து நிற்பதற்காகக் காத்திருப்பது என்று பொருள். இதே தொழிலில் காலம் தள்ளும் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் கணக்கை நாம் பார்ப்பதற்குள் ஊரார் கணக்கு நம் மேசைக்கு வந்துவிடும். நான் வணிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள், பேத்தி பிறந்த பின்னும் வேலையை விடாதவள், முகத்தில் சிரிப்பு இல்லாதவள் என்று பெயரெடுத்தவள். மூன்றும் உண்மை.

வளர்ந்துகொண்டே போன சேமிப்பு

ஜெபராஜ் எங்கள் அயர்ன் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். மனைவி ஸ்டெல்லா எங்களிடமே ஓவர்லாக் மிஷினில் ஓரம் தைக்கும் டெய்லர். மகள் பிரின்சி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளை நர்சிங் படிக்க வைப்பது என்று ஸ்டெல்லா தீர்மானித்திருந்தாள். முதலாண்டுக் கட்டணம் ஜூன் மாதத்துக்குள் சேராவிட்டால், எங்கள் பகுதியில் பெண்பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பனியனில் பிசிறு வெட்டும் செக்கிங் மேசையில் அவர்களுக்கென்று ஓர் இடம் எப்போதும் காலியாகவே இருக்கும்.

தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த வாரத்தில் ஜெபராஜ் சம்பளச் சான்று கேட்டு வந்தார். எதற்கு என்றேன். இன்னொரு கிரெடிட் கார்டு வாங்க என்றார். இருக்கும் கார்டு என்ன ஆயிற்று என்றேன். அவர் பெருமையோடு தம் கைப்பேசியை நீட்டினார். "இதுல எம்பதாயிரம் சேர்த்து வச்சிருக்கேன் மேடம். நான் கட்டக் கட்டக் கூடுது. போன மாசம் பேங்க்காரனே இருபதாயிரம் போட்டான். நல்லவன்." மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தேன். அது அவர் இன்னும் எவ்வளவு கடன் வாங்கலாம் என்று வங்கி காட்டும் வரம்பு. வாங்கிய கடன் அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் திறந்ததே இல்லை. திறந்து காட்டினேன். மருத்துவச் செலவு, கைப்பேசி, ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போய்வந்த செலவு எல்லாம் வட்டியோடு வரிசையாக நின்றன. ஜெபராஜ் கார்டை எடுத்து, மேலெழும்பி நின்ற தம் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்பம் இது என் பணம் இல்லியா மேடம்? பின்ன எதுக்கு என் பேரை இப்படி எழுப்பி எழுப்பி அடிச்சிருக்கானுவ?"

ஓட்டை வாளி

எங்கள் ஊரில் சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. வங்கியோ மாதத்துக்கு ஒருமுறைதான் கேட்கும். இந்த இரண்டு நாட்காட்டிகளுக்கும் நடுவே பல குடும்பங்கள் விழுந்து கிடக்கின்றன. சனிக்கிழமை மளிகை, ஞாயிற்றுக்கிழமை கறி, புதன்கிழமை கை வெறுமை, வியாழக்கிழமை கார்டு. பணம் கட்ட வேண்டிய தேதி வரும்போது எந்தச் சனிக்கிழமையின் பணமும் மிச்சமிருக்காது. 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்றைக் கட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று நிம்மதியடைவார்கள். மிச்சக் கடனுக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கும் மேல் மாத வட்டி ஓடும். கந்து வட்டிக்காரனாவது வாசலில் வந்து நின்று தன்னை நினைவுபடுத்துவான்.

நான் ஒரு விதி வகுத்தேன். சனிக்கிழமை சம்பளம் ஏறியதும், ஜெபராஜ் கேட்டைத் தாண்டும் முன் என் மேசைக்கு வர வேண்டும். வீட்டுச் செலவு போக மிஞ்சுவதில் பெரிய பங்கு என் கண் முன்னால் கார்டுக்குப் போக வேண்டும். சிறிய பங்கு ஸ்டெல்லாவின் அஞ்சலகக் கணக்குக்கு. அந்தக் கணக்கைக் கைப்பேசியோடு இணைக்கக் கூடாது. பணம் வேண்டுமானால் வேலையை விட்டு, நேரில் போய், வரிசையில் நிற்க வேண்டும். சேமிப்பைக் காப்பதில் அஞ்சலக வரிசைக்கு இணையான காவல் இல்லை.

கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமிக்கு இது பொறுக்கவில்லை. பல்லடத்துக்காரர், கம்பெனியில் நடக்கும் எதற்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். "ஏனுங்க மேடம், கடனுக்கு அத்தனை வட்டி போவுது, அஞ்சலகத்துல கொசுறு வட்டி வருது. எல்லாத்தையும் கடனுக்கே கட்டிப்போட்டா ஆகாதுங்களா? ஓட்டை வாளியில தண்ணி மோந்துக்கிட்டு உண்டியல் எதுக்குங்க?" கணக்குப்படி அவர் சொன்னது சரி. கணக்குப்படி மனிதர்களுக்குக் காய்ச்சலும் வராது, கம்பெனிக்கு ஆர்டரும் நிற்காது. கையில் ஒன்றும் இல்லாதவர் அடுத்த இடைஞ்சலில் அதே கார்டைத்தான் தேய்ப்பார். அதனால் இரண்டும் ஒன்றாகவே நடக்கும் என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் ஆராய்ந்தார்.

"நடக்குமுங்க. இந்த மொகத்தைப் பார்த்தா பணமே பயந்துக்கிட்டு பேங்குக்குள்ள போயிருமுங்க."

கட்டிங் மேசையில் நிறைவேறிய தண்டனை

கார்டு சட்டைப் பையில் இருக்கும்வரை கை சும்மா இருக்காது என்று ஜெபராஜே ஒப்புக்கொண்டார். "அதுக்கென்னுங்க, என்ர மேசைக்குக் கொண்டாங்க" என்றார் பழனிச்சாமி. தேநீர் இடைவேளையில் கட்டிங் பிரிவே கூடிவிட்டது. ஒடிசாவிலிருந்து வந்திருந்த பையன்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். பழனிச்சாமி கார்டைத் துணியைப் போல மேசையில் விரித்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து, பெரிய கத்திரியால் நான்காக வெட்டினார். துண்டுகளைக் கழிவுத் துணி மூட்டையில் எறிந்தார். கைதட்டல் என் அறைவரை கேட்டது.

அடுத்த வாரமே எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் மின்சட்டி ஒன்று ஜெபராஜ் பெயருக்குக் கேட்டில் வந்து இறங்கியது. கார்டின் எண் கைப்பேசியில் முன்பே பதிந்து கிடந்திருக்கிறது. விலை குறைவாக இருந்தது, விரல் பட்டுவிட்டது என்றார். அந்தப் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பவைத்து, பதிந்த எண்ணையும் அழிக்கவைத்தேன். ஸ்டெல்லா மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள். பழனிச்சாமியை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"கார்டை வெட்டிட்டிய, சரி. இவிய விரலை யாரு வெட்டுதது?"

இலவசப் பை

இவ்வளவும் பேசிய பழனிச்சாமி, கம்பெனி வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருந்த இளைஞனிடம் தாமே ஒரு கிரெடிட் கார்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கார்டோடு சக்கரம் வைத்த பயணப் பை இலவசமாம். அவர் கோவையைத் தாண்டி எங்கும் போனதை யாரும் பார்த்ததில்லை. கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு என்பதைக் காட்டி, அந்தத் தொகைக்கு டவுனில் இரண்டு பைகள் வாங்கலாமே என்றேன். மறுநாளே கார்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பையை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அது ஊட்டுல இருக்குதுங்க. வெங்காயம் போட்டு வெச்சிருக்கறமுங்க. சக்கரம் இருக்கறதுனால வெயிலுக்கு இழுத்துக்கிட்டுப் போகத் தோதா இருக்குதுங்க."

வங்கியிலிருந்து பேசிய பெண்

நிலுவை முழுவதையும் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தர வங்கிகளில் வழி உண்டு. ஆனால் அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஜெபராஜுக்குக் கேட்கத் தெரியவில்லை. 'கடன்' என்ற சொல்லைக் கேட்டாலே எதிர்முனையில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடுவார். ஆகவே வங்கியிலிருந்து ஒரு பெண் பேசியபோது, ஜெபராஜை என் அறையில் உட்காரவைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி எழுதிக் காட்டினேன். வட்டி எவ்வளவு, மாற்றுவதற்குக் கட்டணம் எவ்வளவு, அதற்கு வரி உண்டா, முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா. அவர் பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோல ஒவ்வொன்றாக வாசித்தார். அந்தப் பெண் முதல் வட்டியைச் சொன்னாள். நான் தலையசைத்து மறுத்தேன். மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்து குறைவாக ஒன்றைச் சொன்னாள். ஒப்புக்கொள்ளலாம் என்று கை காட்டினேன். வேலை முடிந்ததும் அவள் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாள்.

"சார், உங்க பக்கத்துல யாரோ பேப்பர் திருப்புற சத்தம் கேட்டுட்டே இருக்கு. அவங்ககிட்ட என் கார்டைப் பத்தியும் ஒரு வார்த்தை கேக்கலாமா?"

ஆர்டர் நின்ற வாரங்கள்

பொங்கல் கழிந்ததும் நான் அஞ்சியது நடந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஆர்டரைத் தள்ளிவைத்தார். கப்பலேற வேண்டிய பெட்டிகள் பேக்கிங் பிரிவில் சுவரோடு சுவராக நின்றன. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. சனிக்கிழமைச் சம்பளம் பாதியானது. வீட்டு வாடகையும் கார்டுத் தவணையும் முழுதாகவே இருந்தன. ஸ்டெல்லா அஞ்சலக வரிசையில் நின்று பணம் எடுத்தாள். மறுவாரமும் எடுத்தாள். என்னிடம் வந்து, "பிரின்சி பீஸை நாங்களே உக்காந்து திங்கோம் மேடம்" என்றாள். அவளுக்கு ஆறுதல் சொல்வது என் வழக்கமன்று. ஜெபராஜின் கார்டுக் கணக்கைத் திறந்து காட்டினேன். பழைய வழக்கப்படி என்றால் அந்த வாரங்களின் அரிசியும் வாடகையும் வட்டியோடு அங்கே ஏறி நின்றிருக்கும். இப்போது புதிதாக ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, தவணையும் தவறவில்லை. சேமிப்பு இளைத்திருந்தது, கடன் கொழுக்கவில்லை.

அவள் போன பிறகு, வேலையில்லாமல் என் அறை வாசலில் நின்றுகொண்டிருந்த பழனிச்சாமி உள்ளே வந்தார்.

"ஓட்டை வாளின்னு சொன்னனுங்க. உண்டியல்தாங்க சோறு போட்டிருக்குது. நாஞ் சொன்னேன்னு ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

கல்லூரி அலுவலகம்

கோடையில் ஆர்டர்கள் திரும்பின. ஓவர்டைம் வந்தது. கூடுதலாக வந்த பணமும் கேட்டைத் தாண்டுமுன் கார்டுக்கும் அஞ்சலகத்துக்குமாகப் பிரிந்தது. பிரின்சி நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். நர்சிங் கல்லூரியில் இடமும் கிடைத்தது. கார்டின் கடைசித் தவணையை ஜெபராஜ் என் மேசையருகே நின்று கட்டினார். ஆனால் வேலையில்லாத வாரங்கள் தின்ற பணம் தின்றதுதான். கட்டணத்துக்கு இன்னும் ஒரு பகுதி பணம் சேராமல் நின்றது.

அந்த வாரமே வங்கியிலிருந்து செய்தி வந்தது. நாணயமாகக் கட்டி முடித்த சிறந்த வாடிக்கையாளருக்கு வரம்பை இரட்டிப்பாக்கித் தருகிறோம், ஒரு பொத்தானைத் தொட்டால் போதும் என்றது. ஜெபராஜ் அதை என்னிடம் காட்டினார். "தொட்டா நாளைக்கே பீஸு முழுசும் கட்டிரலாம் மேடம்." ஸ்டெல்லா பக்கத்தில் நின்றாள். நான் சொல்ல வேண்டியதை ஆறேழு மாதம் சொல்லியாயிற்று. ஜெபராஜ் கைப்பேசியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு அதை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு, தம் விரல்களைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனார். மறுநாள் கார்டுக் கணக்கையே மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை கல்லூரியிலிருந்து எனக்கு அழைப்பு. பேசியவர் அங்கே கணக்கு எழுதுபவர். ஒரு தகப்பன் எதிரில் நிற்கிறார், இருக்கும் பணத்தைக் கட்டிவிட்டுப் பாக்கியைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கட்டுகிறேன் என்கிறார், இங்கே ஆண்டுக்கு ஒருமுறைதான் வாங்குவோம், வாரத் தவணை கேட்டவர் எவரும் இல்லை, இவரை நம்பலாமா என்று கேட்டார். பின்னால் ஸ்டெல்லாவின் குரல் கேட்டது: "மேடம்ட்ட கேளுங்க சார், ஒரு வாரமாவது தவறுனோமான்னு கேளுங்க." நான் என் சொந்த மகனுக்கே ஜாமீன் கையெழுத்துப் போடாதவள். "தவறினால் என்னைக் கேளுங்கள்" என்றேன். அவர் முதல்வரிடம் போய் அனுமதி வாங்கி வந்தார். பிரின்சி சேர்ந்துவிட்டாள்.

கல்லூரி திறந்து சில வாரங்கள் கழித்து அவர் மீண்டும் அழைத்தார். தவணை தவறிவிட்டதோ என்று நாற்காலியில் நிமிர்ந்தேன்.

"தவறலைங்க மேடம், அதான் தொந்தரவே. சனிக்கிழமை மதியம் பூட்டிட்டுப் போற ஆபீஸ் இது. இப்ப உங்க ஜெபராஜ் வருவாருன்னே நான் சாயங்காலம் வரைக்கும் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். எனக்கு ரெண்டு பனியனாவது கொடுத்து விடுங்க."

ஆக, இத்தனை ஆண்டுப் படிப்பும் உழைப்பும் சேர்ந்து எனக்கு ஈட்டித் தந்த பதவி, சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் கம்பெனி கேட்டுக்கும் நடுவே தொங்கும் ஒரு பூட்டு என்பதே. அதற்கு என் முகம் பொருத்தமாக அமைந்திருப்பதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.