பத்லிக்கும் ஓர் அட்டை

நான் எழுதியவற்றில் இன்றும் உயிரோடு இருப்பது பதினான்கு பக்க ஒப்பந்தம் ஒன்றுதான். பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும், ஆலோசகர் என்ற பெயரில் அதே மேசையில் சில வருடங்கள் உட்கார்ந்திருந்தேன். அப்போது எழுதியது. தெரு பெருக்கிக் குப்பை அள்ளும் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுவதற்காகச் சுகாதாரத் துறையும் எங்கள் நிறுவனமும் செய்துகொண்ட ஏற்பாடு அது. மாட்டுங்காவில் தொடங்கியது, பிறகு செம்பூர், கோவண்டி, விக்ரோலி, பாண்டுப் என்று போயிருக்கிறது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அலுவலகத்தில் யாராவது எனக்குத் தொலைபேசியில் சொல்வார்கள். அன்று சாயங்காலம் நடைக்குப் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன். மறைக்க ஒன்றுமில்லை, பெருமைதான்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தை நான் இரண்டு தடவை எழுதினேன். பெருமை இரண்டாவதைப் பற்றியது. முதலாவதைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஏற்பாடு எளிமையானது. குப்பையில் கிடக்கும் ஊசி குத்தினால் அந்த நோய் தொற்றலாம். தொற்றினால் கல்லீரல் கெடும், வைத்தியச் செலவு காப்பீட்டின் தலையில் விழும். அதைவிடத் தடுப்பூசியின் விலையை நாங்களே கொடுத்துவிடுவது மலிவு. மருந்து எங்களுடையது. நர்சுகள், குளிர்பெட்டி, முகாம் எல்லாம் சுகாதாரத் துறையினுடையது. மூன்று ஊசி. முதலாவது போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. மூன்றும் முடிந்தால்தான் பாதுகாப்பு என்று சொல்ல முடியும். பெரியவர்கள் முதல் ஊசியோடு காணாமல் போய்விடுவார்கள் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் ஒரு நிபந்தனை போட்டேன். பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே மூன்று டிக் விழுந்தால் மட்டுமே நிறுவனம் பணம் தரும். இரண்டு டிக்குக்கு ஒன்றும் கிடையாது. துறையின் டாக்டர் அம்மாள், மராத்திக்காரர், நேர்மையானவர், இது கடுமையான நிபந்தனை என்றார். கடுமையாக இருந்தால்தான் வேலை முடியும் என்று நான் வாதாடி ஜெயித்தேன்.

பெயர் என்று நான் எழுதியது ஹாஜரிப் புத்தகத்தில், அதாவது வருகைப் பதிவில், உள்ள பெயர். தப்பு அங்கேதான் இருந்தது.

பம்பாயில் துப்புரவு வேலை பார்க்கும் நம் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு பத்லி தெரியும். ஒருத்தருக்குப் பதில் இன்னொருத்தர் போவது. கான்ட்ராக்டரிடம் ஒரு பெயர்தான் இருக்கும். அந்தப் பெயரில் ஒரு நாள் அக்கா போவாள், மறுநாள் தங்கை போவாள், மழைக்காலத்தில் மச்சான் போவான். ஒரு வேலையை ஒரு குடும்பமே பங்கு போட்டுக்கொள்ளும். முகாதம், அதாவது துப்புரவுக்காரர்கள் காலையில் கூடும் சௌகியில் ஹாஜரி எடுக்கும் மேஸ்திரி, முகத்தைப் பார்ப்பதில்லை, துடைப்பத்தை எண்ணுவான். யாரும் இதை ஏமாற்று என்று நினைப்பதில்லை. தெரு சுத்தமாகிறது, அவ்வளவுதான்.

எனக்கு இது தெரியாது என்றால் பொய். எங்கள் மாட்டுங்கா தெருவையே தாராவியிலிருந்து வரும் இரண்டு சகோதரிகள் ஒரே பெயரில் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா பேசமாட்டாள். தங்கை பேசாமல் இருக்கமாட்டாள். எங்கள் கட்டடத்துக்காரர்கள் ஈரக்குப்பையையும் காய்ந்த குப்பையையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் மாடியைப் பார்த்துக் கேட்கும்படி சொல்லுவாள், படித்தவங்க கட்டின மூட்டை மாதிரியா இருக்கு என்று. வேலையில் பதிந்திருந்தது அக்காவின் பெயர்.

முதல் முகாம் எங்கள் சௌகியிலேயே நடந்தது. அதிகாரிகளோடு நானும் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டேன். காலை ஹாஜரி முடிந்து வரிசையில் நின்றவர்களில் தங்கையும் இருந்தாள். நர்ஸ் அக்காவின் பெயரைக் கூப்பிட, இவள் போய்க் கையை நீட்டினாள். என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. இரண்டாவது முகாமன்று சௌகிக்கு வந்தது யார், மூன்றாவது முகாமன்று யார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆறு மாதம் கழித்துப் பதிவேடு என் மேசைக்கு வந்தபோது ஏறக்குறைய எல்லாப் பெயருக்கும் மூன்று டிக். மற்ற ஊர்களில் பாதி கூடத் தேறாத இடத்தில் எங்களுக்கு மட்டும் இப்படி ஒரு முடிவு. நிறுவனத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு மாநகராட்சி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலிருந்து அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. துப்புரவுத் தொழிலாளி ஒருத்திக்குக் கையில் ஊசி குத்தியிருக்கிறது, தடுப்பூசி அட்டை கொண்டுவந்திருக்கிறாள், மூன்றும் முடிந்ததா என்று உங்கள் பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள் என்றார்கள். எண்ணையும் பெயரையும் சொன்னார்கள். எங்கள் தெருவைப் பெருக்கும் அந்த அக்காவின் பெயர்.

அன்று காலை பால் வாங்கப் போனபோது தங்கைதான் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் பார்த்திருந்தேன்.

மூன்றும் முடிந்தால் அந்த டாக்டர் டெட்டனஸ் ஊசி மட்டும் போட்டு அனுப்பிவிடுவார். முடியவில்லை என்றால், தயாரான எதிர்ப்புச் சத்தை நேரே உடம்பில் ஏற்றும் வேறொரு ஊசி உண்டு. அதை ஒரு நாளுக்குள் போட்டுவிட வேண்டும், தாமதம் ஆக ஆகப் பலன் குறையும். இந்த விவரமெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் எழுதியதே நான்தான்.

“ஆமாம், மூணும் முடிஞ்சிருக்கு,” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் அகப்படவில்லை. பதிவேட்டில் இருப்பதைத்தானே சொன்னேன் என்று முதலில் தோன்றியது. அடுத்த வாரக் கூட்டம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு டிக் பொய் என்றால் எல்லா டிக்கும் சந்தேகம். போர்த்திய சால்வை நினைவில் இருந்தது. ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். தயிர் சாதம் இறங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு ஏதோ கோப்பைத் திறந்தேன், படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்று மணிக்கு எழுந்து ஸ்டேஷனுக்கு நடந்தேன். அப்போதும் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாது.

ஆஸ்பத்திரியில், அவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். பதிவேட்டில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு தாராவிக்குள் கேட்டுக் கேட்டுப் போனேன். சகோதரிகள் இருவரும் வீட்டில் இருந்தார்கள். தங்கை வலது கை கட்டுடன் உட்கார்ந்து இடது கையால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சார், குப்பையக் குடுக்க இம்புட்டு தூரம் வந்துட்டியளா?” என்றாள்.

நான் நின்றபடியே கேட்டேன். “ஏம்மா, அந்த முகாம்ல நீ எத்தனை ஊசி போட்டுண்டே?”

அவள் முகம் மாறியது. அக்காவைப் பார்த்தாள். பிறகு, எல்லாமே போட்டாச்சு, அட்டையில எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மூன்றும் அவள் கையில் விழவில்லை என்றால் இன்றைக்கே வேறு ஊசி போட வேண்டும், நாளைக்கு என்று வைக்கக் கூடாது.

“போட்டா பேரு கேப்பாவ. என் பேரச் சொன்னா, அப்ப இந்தப் பேருல நீ எப்படி வேலைக்குப் போனன்னு கேப்பாவ. முகாதத்துக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரு வேலையும் போச்சு. ஒங்களுக்கென்ன, மாடியில இருந்துக்கிட்டு இன்னொருத்தியப் பாத்துக்கிடுவிய.”

அவள் சொன்னதில் தவறில்லை. அதுவரை வாய் திறக்காத அக்கா அடுப்பை அணைத்தாள்.

“ஒண்ணுதாம் சார் அவளுக்கு. பொறவு ரெண்டும் எனக்குப் போட்டாவ. மொதல்ல அவ போன அன்னைக்கு அவளுக்கு, பொறவு நான் போன அன்னைக்கு எனக்கு. எங்களுக்கு வேலை மாதிரிதான் ஊசியும்னு நெனச்சோம்.” பிறகு தங்கையிடம், “எந்திரிட்டி. வேலை கெடக்கு, வேற தெரு பெருக்கலாம்,” என்றாள்.

டாக்ஸியில் மூவரும் போனோம். அவசரப் பிரிவில் பணி மாறி ஒரு இளம் டாக்டர் இருந்தார். நான் யார் என்பதைச் சொல்லி, அட்டை தவறு, இந்தக் கைக்கு ஒரே ஒரு ஊசிதான் போயிருக்கிறது என்றேன். தங்கை தன் சொந்தப் பெயரைச் சொன்னாள். வேலை போய்விடுமா என்று ஹிந்தியில் கேட்டாள். அவர் எழுதிக்கொண்டே, “முஜே ஹாத் ஸே மத்லப் ஹை, ஹாஜரி ஸே நஹீ,” என்றார். எனக்குக் கைதான் முக்கியம், ஹாஜரி இல்லை. இன்னொரு கட்டடத்திலிருந்து மருந்து வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஊசி குத்தி ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் அவளுக்கு அது கிடைத்துவிட்டது. விடுபட்ட தடுப்பூசிகளும் அன்றே திரும்பத் தொடங்கின.

அவர் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நான் பதினான்கு பக்கமாக எழுதினேன் என்று சொன்னால் மிகையில்லை. அடுத்த வாரக் கூட்டத்தில், நாம் கொண்டாடிய பதிவேட்டை நம்ப முடியாது என்றேன். அறையில் இருந்த முகங்கள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன. ஒரு பெயருக்குத்தான் காப்பீடு இருக்கிறது, இரண்டு பேருக்கு நாம் ஏன் ஊசி போட வேண்டும் என்றார் ஒருவர். தெருவை இரண்டு பேர் பெருக்குகிறார்கள், ஊசி அதில் யாரைக் குத்த வேண்டும் என்று நாம் ஒப்பந்தம் போட முடியாது என்றேன். டாக்டர் அம்மாள் அங்கேயே என் பக்கம் வந்து உட்கார்ந்தார். இருவருமாகச் சேர்ந்து எழுதினோம். அட்டை ஆளுக்கு. ஹாஜரிப் பெயர் வேண்டாம். அட்டைகளின் பட்டியல் சுகாதாரத் துறையிடம் மட்டும் இருக்கும், கான்ட்ராக்டருக்கும் முகாதத்துக்கும் போகாது. பத்லியாக வருகிறவருக்கும் சொந்த அட்டை. ஒவ்வொரு ஊசிக்கும் தனியாகப் பணம், முடிந்த வரிசைக்கு அல்ல. முகாம் ஒரு நாளில்லை, தொடர்ந்து மூன்று நாள், யார் முறை என்றைக்கு வந்தாலும் தப்பாமல் இருக்க.

புதிய ஒப்பந்தத்தின் முதல் வருடப் பதிவேட்டில் பாதி வரிசைகள் அரைகுறையாக இருந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான பதிவேட்டை நான் பார்த்ததில்லை. அத்தனையும் உண்மை.

தங்கைக்கு ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தத் தாளைக் கொண்டுவந்து வாசலில் நின்று காட்டினாள். அதன் பிறகு எங்கள் தெருவிலும் சௌகியிலும் என்னைப் பற்றி ஒரு கதை பரவியது. கேட்டவுடனே சார் ஆபீஸைப் போட்டுவிட்டு ஓடி வந்தார் என்று. அக்காவே யாரிடமோ அப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் காதால் கேட்டேன். திருத்தவில்லை. வருடக்கணக்கில் அந்தக் கதையில் சுகமாக இருந்தேன்.

இதை எழுத உட்காருவதற்கு முன் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போன வாரம் காலையில் கீழே இறங்கிப் போய்ச் சொன்னேன். பதினொரு மணிக்கே ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டார்கள், நான் முடிந்தது என்று பொய் சொன்னேன், அன்று வேலைக்கு வந்தது நீ என்று தெரிந்தே சொன்னேன், நாலு மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். இப்போது அவளுக்குச் சொந்தப் பெயரில் வேலை இருக்கிறது, மாதத்தில் எல்லா நாளும் அவளே வருகிறாள்.

“நாலு மணி நேரமா,” என்றாள். “எங்க முகாதம் நாலு நிமிசத்துக்கே ஹாஜரிய வெட்டிருவான் சார்.”

மன்னிப்பு என்று எதையோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பள்ளிக்கூட வேன் வரும் நேரம், வழியை விட்டு நில்லுங்க என்றாள். நான் ஒதுங்கி நின்றேன். அவள் நான் நின்ற இடத்தையும் சேர்த்துப் பெருக்கிக்கொண்டு போனாள். மறுநாள் வழக்கம்போல் மாடியைப் பார்த்து எங்கள் மூட்டையைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை.